மாணவர் விடுதித் திட்டங்களுக்கான இடர் ஆலோசனைச் சேவை: கட்டணம் எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது என்பதைக் கவனியுங்கள்

தனியார் முதலீட்டில் மாணவர் விடுதி கட்ட நினைக்கும் கல்வி நிறுவனங்களுக்கு இடர் மேலாண்மை ஆலோசனை வழங்கும் நிறுவனங்கள் இப்போது பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டட, நிதிக் குழு அமர்த்தியிருந்தது. அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்தத் துறையில் பெரும்பாலான நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியான தொகுப்பைத்தான் விற்கின்றன என்பதால், பெயர் இல்லாமலேயே இந்த மதிப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன்.

தொகுப்பில் இருந்தவை இவை: தங்குமிடத் தேவை ஆய்வு, வரவு செலவை முன்கூட்டிக் கணக்கிடும் நிதி மாதிரி, இடர்களையும் அவற்றுக்கான நடவடிக்கைகளையும் பட்டியலிடும் இடர்ப் பதிவேடு, ஒப்பந்த வரைவுகளின் மீதான கருத்துரை, கட்டுமானக் காலக் கண்காணிப்பு, விடுதி திறந்த பிறகான காலாண்டு அறிக்கை. முதல் நான்கும் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவையாக இருந்தன. ஒப்பந்தக் கருத்துரை அதற்கும் மேலாகவே இருந்தது. கடைசி இரண்டையும் மீண்டும் வாங்கமாட்டேன். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் திறமைக் குறைவு அன்று, கட்டணம் அமைக்கப்பட்டிருந்த விதம் என்பதே என் கருத்து.

முதலில் திட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் தன் நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கிறது. நாற்பது ஆண்டும் உண்டு, அறுபது ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. இந்தத் திட்டத்துக்கென்றே தொடங்கப்படும் ஒரு தனி நிறுவனம் கடன் வாங்கிக் கட்டடத்தை எழுப்பி, வாடகை வசூலித்து, கடனை அடைத்து, குத்தகை முடிந்ததும் கட்டடத்தைத் திருப்பி ஒப்படைக்கிறது. பல்கலைக்கழகம் கைக்காசு போடுவதில்லை. அதனாலேயே இந்த முறை நிர்வாகங்களைக் கவர்கிறது. இடர் முழுவதும் தனியார் தலையில்தானே என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஆலோசகர்கள் முதல் கூட்டத்திலேயே இந்த நினைப்பைக் கலைத்தார்கள். அந்தத் தனி நிறுவனம் வெறும் கூடு. அதில் போட்ட பங்கு மூலதனத்துக்கு மேல் இழக்க அதனிடம் எதுவும் இல்லை. அதன் மீது சுமத்தப்படும் எந்த இடரும் அந்த மூலதனத்தின் அளவு வரைதான் உண்மையில் கைமாறுகிறது. அதற்கு மேற்பட்டது, அந்தக் கூட்டைத் தொடங்கிய தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இருந்தால் தாய் நிறுவனத்திடம் போகும். இல்லாவிட்டால் நிலத்தின் சொந்தக்காரரிடமே திரும்பி வரும்.

தேவை ஆய்வு நன்றாகவே செய்யப்பட்டது. வழக்கமான ஆய்வுகள் மொத்த மாணவர் எண்ணிக்கையை எடுத்து, இருக்கும் படுக்கைகளைக் கழித்து, மீதியைப் பற்றாக்குறை என்று எழுதிவிடும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதலாண்டு மாணவர்கள், மேல்வகுப்பு மாணவர்கள், ஆய்வு மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் வீட்டிலிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் வெளியே அறை எடுத்திருக்கிறார்கள், வெளியே என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 'புதிய விடுதி வந்தால் தங்குவீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்றவர்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வாடகையைக் குறிப்பிட்டுக் கேட்டபோது ஆம் என்றவர்களை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். புதிய விடுதி நிரம்பும்போது வளாகத்தின் பழைய விடுதிகள் காலியாகும் என்பதையும், அந்த இழப்பு பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் விழும் என்பதையும் தனிப் பத்தியாக எழுதினார்கள். குழுவில் இருந்த எங்களில் பலர் அதுவரை அதைப் பேசியதே இல்லை.

வெளிநாட்டு மாணவர் பற்றிய பகுதி இன்னும் கூர்மையாக இருந்தது. கனடா 2024 ஜனவரியில் சர்வதேச மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்து, அந்த ஆண்டுக்கான எண்ணிக்கையை முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைத்தது. அதே மாதத்தில் பிரிட்டனில், பெரும்பாலான முதுநிலை மாணவர்கள் குடும்பத்தினரை உடன் அழைத்து வருவதற்கான அனுமதி நிறுத்தப்பட்டது. நாற்பதாண்டுக் கடனின் மீது எழும் கட்டடத்தை ஓர் அமைச்சகத்தின் ஒற்றை அறிவிப்பு ஒரே சேர்க்கைப் பருவத்தில் ஆட்டம் காண வைக்கலாம் என்பதை இந்த இரண்டையும் முன்வைத்து விளக்கிவிட்டு, வெளிநாட்டு மாணவரை நம்பியிருக்கும் படுக்கைகளின் பங்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தார்கள். அறை வகையையும் இதனோடு இணைத்தார்கள். சமையலறையும் குளியலறையும் உள்ளடங்கிய தனி அறைகளுக்கு வாடகை அதிகம். ஆனால் ஒரு பிரிவு மாணவர் வராமல் போனால் வேறு பிரிவினருக்கு அவற்றை விற்பது கடினம். இருவர் தங்கும் எளிய அறைகள் அப்படியல்ல.

நிதி மாதிரியில் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது ஒரு சிறு கணக்கு. விடுதி முழுவதும் நிரம்பினால் வாடகை வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். இயக்கச் செலவு 35. ஆண்டுக் கடன் தவணை 50. நூற்றுக்கு 95 படுக்கைகள் நிரம்பினால் கையில் நிற்பது 60. அது தவணையைப்போல் 1.2 மடங்கு. கடன் கொடுப்போர் பரவலாக வற்புறுத்தும் குறைந்தபட்ச அளவும் ஏறக்குறைய இதுவே. நிரம்பல் 90 ஆகக் குறைந்தால் விகிதம் 1.1. 85 ஆகக் குறைந்தால் சரியாக 1.0, ஒரு மின்தூக்கி பழுதானாலும் சரிசெய்ய மிச்சம் எதுவும் இருக்காது. படுக்கைகள் காலியாக இருந்தாலும் காவலர் சம்பளமும் காப்பீடும் தாழ்வார விளக்குகளும் குறைவதில்லை என்பதால், பத்து விழுக்காட்டுச் சரிவு முழு உபரியையும் விழுங்கிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகு, முதலாண்டிலேயே 95 சதவீதம் நிரம்பும் என்று முதலீட்டாளர் தந்திருந்த மாதிரியை எங்கள் குழு வேறு கண்ணால் படிக்கத் தொடங்கியது. ஒரு குறை: ஆலோசகர்கள் தந்த எக்செல் கோப்பில் வாய்பாட்டுக் கட்டங்கள் பூட்டப்பட்டிருந்தன. எண்களை மாற்றிப் பார்க்க முடிந்தது. அந்த எண்கள் எந்த வழியில் விடையாகின்றன என்பதைப் பார்க்க முடியவில்லை. பலமுறை எழுதிக் கேட்ட பிறகே திறந்து தந்தார்கள். பணம் கொடுத்து வாங்கும் கணக்கை வாங்கியவரே சரிபார்க்க முடியாமல் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சேவையின் உச்சம் ஒப்பந்தக் கருத்துரை. நிலக் குத்தகை, கட்டுமான ஒப்பந்தம், இயக்க ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம் ஆகிய நான்கையும் நான்கு வெவ்வேறு வழக்கறிஞர் அணிகள் எழுதுகின்றன. ஒவ்வொன்றும் தனியே படித்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். இடர் ஒளிந்திருப்பது அவற்றின் இடைவெளியில். ஆலோசகர்கள் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிகழ்வுக்கு ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று அட்டவணை போட்டார்கள். திறப்பு தாமதமாவதை எடுத்துக்கொள்வோம். கடையோ அலுவலகமோ ஒரு மாதம் தாமதமாகத் திறந்தால் ஒரு மாத வாடகைதான் போகும். விடுதி அப்படியல்ல, கல்வியாண்டு தொடங்கும் நாளில் அறை இல்லையென்றால் மாணவர் வெளியே ஓராண்டு ஒப்பந்தம் போட்டுவிடுவார், பிறகு அந்தப் படுக்கை அந்த ஆண்டு முழுவதும் காலிதான். எங்கள் வரைவில் கட்டுமான ஒப்பந்ததாரரின் தாமத இழப்பீடு நாள் கணக்கில் எழுதப்பட்டு, ஒரு உச்சவரம்போடு நின்றது. அந்த வரம்பு ஓராண்டு வாடகை இழப்பில் பாதியைக்கூட எட்டவில்லை. கடன் ஒப்பந்தமோ முதல் தவணைத் தேதியை நகர்த்த இடமே தரவில்லை.

இதற்கு அவர்கள் சொன்ன திருத்தம் நடைமுறை அறிந்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடியது. கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே ஒரு தீர்மான நாளை ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டும். அன்று சார்பற்ற பொறியாளர் ஒருவர் கட்டடத்தைப் பார்த்து, உரிய நாளில் மாணவர் குடியேற முடியுமா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் மாற்றுத் தங்குமிடம், போக்குவரத்து, மாணவர்களுக்கு அறிவிப்பது ஆகிய மூன்றும் ஒப்பந்ததாரர் செலவில் அன்றே தொடங்க வேண்டும். கடைசி வாரம் வரை 'முடித்துவிடுவோம்' என்று சொல்லிக்கொண்டே வரும் வழக்கத்துக்கு இந்த ஒரு உட்பிரிவு முற்றுப்புள்ளி வைக்கிறது.

நிரம்பல் உத்தரவாதம் பற்றிய பேச்சுவார்த்தையில் அவர்களுடைய பங்களிப்பு இன்னும் பெரியது. முதலீட்டாளர்கள் மூன்று வகையான பாதுகாப்பைக் கேட்பார்கள்: புதிய விடுதி நிரம்பிய பிறகே மற்ற விடுதிகளுக்கு மாணவரை ஒதுக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பல்கலைக்கழகம் போட்டியாக வேறு விடுதி கட்டக்கூடாது, படுக்கை காலியாக இருந்தால் வாடகையைப் பல்கலைக்கழகமே ஈடுகட்ட வேண்டும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புக்கொண்டால், தனியார் திட்டம் என்ற பெயரில் பல்கலைக்கழகம் கடன் வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. கடன் தரம் மதிப்பிடும் நிறுவனங்களும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். வாடகையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் குத்தகை முடிவில் கட்டடத்தின் உரிமையும் பொது நிறுவனத்திடம் இருந்தால், ஐபிஎஸ்ஏஎஸ் 32 என்ற பொதுத்துறைக் கணக்கியல் தரநிலைப்படி அந்தச் சொத்து அதன் இருப்புநிலைக் குறிப்பிலேயே ஏற வேண்டியிருக்கும். முதல் வகைப் பாதுகாப்பை மட்டும், அதுவும் விடுதி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாடகையைத் தாண்டாத ஆண்டுகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். நாங்களும் அந்தக் கோட்டிலேயே நின்றோம்.

பெருந்தொற்று பற்றிய உட்பிரிவுக்கு அவர்கள் காட்டிய சான்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு. ஒன்பது வளாகங்களின் விடுதிகளை 65 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுத்திருந்த அந்த அமைப்புக்கு, 2020 மே மாதம் இயக்கும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விடுதியில் தங்குவோர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் உரிமை ஒப்பந்தப்படி பல்கலைக்கழகத்துக்கு இல்லை என்பது அதன் சாரம். அதே காலத்தில் பிரிட்டனின் மிகப் பெரிய விடுதி நிறுவனமான யுனைட், வீடு திரும்பும் மாணவர்களிடம் கடைசிப் பருவ வாடகையை வாங்குவதில்லை என்று அறிவித்தது. ஒரே நெருக்கடியில் இருவேறு நிலைகள். அதனால் எங்கள் ஒப்பந்தத்துக்கு ஆலோசகர்கள் ஒரு சிறு அட்டவணையையே எழுதித் தந்தார்கள்: வெளியேறும் உத்தரவை அரசு பிறப்பித்தால் யார் வாடகையைத் திருப்புவது, பல்கலைக்கழகம் தானே முடிவெடுத்தால் யார், சுகாதாரத் துறை வெறும் அறிவுரை மட்டும் சொன்னால் யார். மூன்றாவது வரிக்காகத்தான் பேச்சுவார்த்தை அதிகம் இழுத்தது. நெருக்கடி வரும்போது உத்தரவுகள் தெளிவாக வருவதில்லை; அறிவுரையாகத்தான் முதலில் வருகின்றன.

வட்டி விகிதம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் விகிதம் 2022 மார்ச்சில் ஏறத்தாழ சுழியத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் என்ற நிலைக்கு ஏறியது. விலைப்புள்ளி கொடுத்த நாளுக்கும் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளுக்கும் இடையில் வட்டி ஏறினால் யார் தாங்குவது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னார்கள், எழுதினோம்.

இனிக் குறைகள். கட்டடப் பாதுகாப்பு பற்றிய அவர்களுடைய பகுதி இரண்டே பக்கம். வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து எழுதி வாங்கியது என்பது நடையிலேயே தெரிந்தது. 'நடைமுறையில் உள்ள விதிகளுக்கு உட்பட்டது' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. 2019 நவம்பரில் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் கியூப் என்ற மாணவர் விடுதியில் வெளிச்சுவர்ப் பலகைகள் வழியே தீ வேகமாகப் பரவி, இருநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியேற்றப்பட்டதற்குப் பிறகு, விதிகளுக்கு உட்பட்டது என்ற சொற்றொடர் யாருக்கும் நிம்மதி தரக்கூடாது. கட்டும்போது செல்லுபடியான பொருள் பத்தாண்டில் தடைசெய்யப்பட்டால், கட்டியவரே குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்திருக்கும். பலகைகளை மாற்றும் செலவும், மாற்றும் வரை காலியாகும் படுக்கைகளின் வாடகையும் யாருடையவை? இந்தக் கேள்வியை நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் தனியே ஒரு தீப் பாதுகாப்புப் பொறியாளரை அமர்த்தி, விதி மாற்றச் செலவுக்கான உட்பிரிவை எழுதி வாங்கினோம்.

இடர்ப் பதிவேட்டைப் பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதல் வரைவு பாராட்டத்தக்கது. ஒவ்வொரு இடருக்கும் எதிரே துறையின் பெயரை எழுதாமல் பொறுப்பேற்கும் பதவியின் பெயரையே எழுதியிருந்தார்கள். நடவடிக்கைக்குத் தேதியும் இருந்தது. கடுமையானவை சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், மற்றவை பச்சை. கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் நெருங்க நெருங்கப் பதிவேட்டின் நிறம் மாறத் தொடங்கியது. தாய் நிறுவன உத்தரவாதம் இன்னும் வராத நிலையிலேயே அந்த வரி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது. குறிப்புக் கட்டத்தில் 'கண்காணிக்கப்படும்' என்ற ஒற்றைச் சொல் மட்டும். மின் இணைப்புக்கான ஒப்புதல் வரியும் அதே கதைதான். நிலவரத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் நிறம் மட்டும் எப்படி மாறியது என்று குழுக் கூட்டத்தில் கேட்டபோது, கடன் கொடுப்போர் சிவப்பு வரிகளைக் கண்டால் தயங்குவார்கள் என்று விடை வந்தது. கடன் கொடுப்போர் தயங்க வேண்டிய இடத்தில் தயங்க வைப்பதற்காகத்தானே பதிவேடு?

கட்டண ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மாதக் கட்டணம் சிறிது; கடன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் தரவேண்டிய தொகையே பெரிது. திட்டம் கைவிடப்பட்டால் அந்தத் தொகை கிடையாது. இந்தத் துறையில் இது சாதாரண ஏற்பாடு; வாங்குபவருக்கும் வசதியாகவே தெரியும், வெற்றி கிடைத்தால்தானே பணம் என்று. ஆனால் இடர் ஆலோசகர் தரக்கூடிய மிக மதிப்புள்ள அறிவுரை சில சமயம் 'இந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்' என்பதாக இருக்கும். அதைச் சொன்னால் தன் வருமானத்தில் பெரும்பகுதியை இழக்க வேண்டிய ஒருவரிடமிருந்து அதை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை; தொடக்க மாதங்களில் இருந்த கறார் கடைசி மாதங்களில் இல்லை, அவ்வளவுதான். பாதி வழியில் நாங்கள் கட்டணத்தைப் பிரித்து, கைவிடுமாறு பரிந்துரைத்தாலும் அதே தொகை கிடைக்கும் என்று திருத்தி எழுதினோம். அதன் பிறகு வந்த பதிவேட்டில் அந்த இரண்டு வரிகளும் மறுபடி சிவப்பாயின. உத்தரவாதக் கடிதமும் கையெழுத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது.

பதிவேட்டில் கடைசி வரை இடம்பெறாத ஒரு தரப்பு உண்டு: விடுதியில் தங்கப் போகும் மாணவர். ஆண்டுதோறும் வாடகை இத்தனை சதவீதம் ஏறும் என்று நிதி மாதிரியில் ஒரு கட்டம் இருக்கிறது. அது முதலீட்டாளரின் இடரைக் குறைக்கும் வழியாகவே கருதப்படுகிறது. கல்வி உதவித்தொகை அதே வேகத்தில் ஏறாவிட்டால், வசதி குறைந்த மாணவர்தான் முதலில் வெளியேறுவார். பின்னர் அது நிரம்பல் இடராகவே திரும்பி வரும். குளியலறைக் குழாய் ஒழுகினால் யாரிடம் புகார் சொல்வது, எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், தவறினால் இயக்குபவரின் கட்டணத்தில் எவ்வளவு பிடித்தம் என்பவையும் இடர் மேலாண்மைதான். வாயிலில் எழுதியிருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர். கோபமும் அந்தப் பெயர் மேல்தான் திரும்பும். இந்தப் பகுதியை எங்கள் மாணவர் நலப் பிரிவே எழுதிச் சேர்த்தது.

கட்டுமானக் கண்காணிப்பு அறிக்கைகள் தள ஒப்பந்ததாரரின் மாத அறிக்கையைச் சுருக்கி எழுதியவை. காலாண்டு அறிக்கையும் இயக்குபவர் அனுப்பும் எண்களை வேறு வண்ணத்தில் திருப்பித் தருவதுதான். பழுது நீக்கும் இருப்பு நிதியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, மெத்தை, நீர் சூடாக்கி, மின்தூக்கி ஆகியவற்றின் மாற்று ஆண்டு எப்போது, ஒப்படைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாக நடக்க வேண்டிய கட்டட ஆய்வுக்கு யார் பணம் ஒதுக்குகிறார்கள் என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இல்லை. குத்தகையின் கடைசி ஆண்டுகளில் இயக்குபவருக்குக் கட்டடத்தில் பணம் போட எந்த ஆர்வமும் இருக்காது என்பதால், இந்தக் கேள்விகளை முதலாண்டிலேயே கேட்கத் தொடங்க வேண்டும்.

இத்தகைய சேவையை அமர்த்த நினைப்பவர்கள் நிலக் குத்தகையின் முதல் வரைவு வருவதற்கு முன்பே அமர்த்துவது நல்லது. கையெழுத்துக்கு நெருக்கமாக வந்தால் அவர்களால் திருத்த முடிவது குறைவு. தேவை ஆய்வையும் நான்கு ஒப்பந்தங்களின் ஒப்பீட்டையும் இவர்களிடம் வாங்கலாம். கட்டடப் பாதுகாப்புக்கும் கட்டுமானக் கண்காணிப்புக்கும் தனிப் பொறியாளரை அமர்த்துங்கள். வாய்பாடுகள் திறந்த எக்செல் கோப்பைத் தருவோம் என்பதைக் கட்டண ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்; பதிவேட்டில் எந்த நிறமும் எழுத்திலான காரணம் இல்லாமல் மாறக்கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள். காலாண்டு அறிக்கைக்கான தொகையை வெட்டி, அதைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்குப் பிரிவில் இந்த ஒப்பந்தத்தை மட்டுமே கவனிக்கும் ஒரு பணியிடத்துக்கு ஒதுக்கலாம்; நாங்கள் அடுத்த நிதியாண்டிலிருந்து அப்படித்தான் செய்யவிருக்கிறோம்.